ஆடி மாதத்துப் பரீட்சைகள்

என் மகள் வேலை பார்க்கும் துறையில் என்னென்ன தேர்வுகள் உண்டு, எதை முடித்தவர் அடுத்து எதற்கு விண்ணப்பிக்கலாம், எந்தச் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும், எதைச் சில ஆண்டுகளுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதையெல்லாம் நான் அறிவேன். அவள் கனடாவில் ஒரு நிறுவனத்தில் உள்தணிக்கை செய்பவள். நான் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில், குருவிநத்தத்தில், ஆற்றங்கரையிலிருந்து சற்று உள்ளே தள்ளிய தெருவொன்றில் குடியிருப்பவன். அரசின் கணக்குத் துறையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தணிக்கை எனக்குப் புதிதன்று. ஆனால் நான் அறிந்தது சிவப்பு மையால் ஓரத்தில் குறியிடும் தணிக்கை. அவளுடைய தணிக்கையைப் பற்றி நான் அறிந்தவை யாவும் ஒரே ஓர் இணையப் பக்கத்திலிருந்து வந்தவை.

தொழில்முறைத் தேர்வுகளைத் தேடித் தருவது அந்தப் பக்கம். மேலே ஒரு வெற்றுக் கட்டம். அதில் தொழிலின் பெயரை இட வேண்டும். அதனருகே இன்னொரு கட்டம். அதில் ஊரின் பெயர். இரண்டையும் நிரப்பி அழுத்தினால் அந்தத் தொழிலுக்குரிய தேர்வுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். எதையேனும் தொட்டால், நடத்தும் அமைப்பு எது, எழுதுவதற்குத் தகுதி என்ன, எந்த மாதங்களில் எழுதலாம், மையம் எங்கே என்று விரியும். என் பணிக்காலத்தில் ஒரு துறைத்தேர்வின் அறிவிப்பைப் பார்ப்பதற்காக அரசிதழைத் தேடி அலுவலகம் அலுவலகமாக நடந்தவன் நான். ஆகையால் அந்தப் பக்கத்தின் ஒழுங்கு எனக்குப் பிடித்துப்போயிற்று. நல்ல அலுவலகம் ஒன்று எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது அது. கேட்டதற்கு விடை சொல்லும். கேளாததைப் பற்றி வாய் திறக்காது.

தேர்வுகளின்மேல் எனக்குள்ள மதிப்பு இன்று நேற்று வந்ததன்று. நகரத்துக் கல்லூரியில் பட்டம் பெற்று, இந்தத் தெருவிலிருந்து முதன்முதலாக அரசு வேலைக்குப் போனவன் நான். எங்கள் துறையில் ஒருவரின் நாற்காலி எங்கே போடப்பட வேண்டும் என்பதை அவர் தேறிய தேர்வுகளே முடிவு செய்தன. ஒவ்வொரு துறைத்தேர்வையும் முதல் முறையிலேயே முடித்தேன். அந்தச் செய்தி ஊருக்கு வரும்போதெல்லாம் என் தகப்பனார் தோளில் இருந்த துண்டை உதறி மறுபடியும் போட்டுக்கொள்வார். அவர் வாயால் பாராட்டியதில்லை. அந்தத் துண்டை உதறும் ஓசை எனக்குப் போதுமானதாக இருந்தது. பிள்ளையின் தேர்ச்சியைவிடப் பெரிய சந்தோஷம் ஒரு தகப்பனுக்கு இருக்க முடியாது என்று நான் எண்ணியதற்கு அதுவே காரணம்.

எங்கள் ஊரில் ஆடி மாதம் மாரியம்மனுக்குச் செடல் நடக்கிறது. நேர்ந்துகொண்டவர்கள் உடம்பில் ஊசி குத்திக்கொண்டு வருவதைப் பார்க்க ஆற்றுக்கு அக்கரையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஆனால் ஊருக்குள் இருப்பவர்களுக்கு அந்த நாளின் சிறப்பு வேறு. அன்று காலை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வேப்பிலை சுற்றிய பானையில் கேழ்வரகுக் கூழ் கோயிலுக்குப் போகும். எல்லாப் பானைகளையும் பெரிய அண்டாவில் ஊற்றிக் கலந்து, பிறகு எல்லோருக்கும் வார்ப்பார்கள். எங்கள் தெருவில் அந்தப் பானையை எடுத்துப்போய் ஊற்ற வேண்டியவள் அந்த வீட்டில் பிறந்த பெண். எங்கே கட்டிக்கொடுத்திருந்தாலும் அவள் வந்துவிட வேண்டும். அவள் வராவிட்டால் வீட்டுக்கார அம்மாள் எடுத்துப்போகலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் தாய் பானையோடு தெருவில் இறங்கினால் வாசலுக்கு வாசல் ஒரே கேள்விதான் வரும்: பொண்ணு வரலியா?

மகள் கனடா சென்ற முதல் ஆடியில் அவளுக்கு உண்மையாகவே ஒரு தேர்வு இருந்தது. உள்தணிக்கையின் அடிப்படைத் தேர்வு அது. என்ன தேர்வு என்று என் மனைவியின் மூலமாகக் கேட்டேன். மகள் பேசுவது தாயோடு. செய்தி எனக்கு வந்து சேரும். அதுவே எங்கள் வீட்டு வழக்கம். விளங்கச் சொல்வதைவிடக் காட்டிவிடலாம் என்று அவள் அந்தத் தேடல் பக்கத்தை என் மனைவியின் கைபேசிக்கு அனுப்பிவைத்தாள். அதை என் கைபேசியிலும் ஏற்றிக்கொண்டேன். அந்த ஆண்டு கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் தேர்வின் பெயரை முழுமையாகச் சொன்னேன். கேட்டவர்கள் வாயடைத்துப்போனார்கள். வராத பெண்ணைவிடத் தேர்வெழுதும் பெண் உயர்வாகத்தான் தெரிந்தாள். என் தகப்பனாரின் துண்டு என் தோளில் இருப்பதுபோல நிமிர்ந்து நின்றிருந்தேன்.

மறு ஆடிக்குள் அவள் வேறு நிறுவனத்துக்கு மாறியிருந்தாள். சேர்ந்த புதிதில் விடுப்புக் கிடைக்கவில்லை. அதைச் சொன்னால் போதுமே என்று வாசிப்பவர் நினைக்கலாம். எங்கள் ஊரில் அது போதாது. "லீவு கிடைக்கலையாம்" என்பது வர மனமில்லாதவர்களைப் பற்றிச் சொல்லும் வார்த்தை என்று எங்கள் தெருவில் வெகுநாளாகவே முடிவாகியிருக்கிறது.

கோயிலில் அன்று முதலில் கேட்டவர் என் பெரியப்பா மகன். எனக்கு மூத்தவர், நெல்லும் கரும்புமாக நல்ல வெள்ளாமைக்காரர், கோயில் காரியங்களை முன்னின்று நடத்துபவர். அவருடைய மகளைப் பக்கத்தில் சோரியாங்குப்பத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார். அந்தப் பெண் செடலுக்கு மட்டுமன்று, அம்மா வீட்டில் மீன் குழம்பு வைத்தால்கூட வந்துவிடுவாள். அந்த நினைப்போடு அவர் கேட்கும் கேள்வியில் எப்போதும் ஒரு சிறு முள் இருக்கும்.

"இன்னா தம்பி, இந்த வருஷமும் பானைய உன் வூட்டம்மாதான் தூக்குதா?"

பரீட்சை என்று சொல்லிவிட்டேன். என்ன பரீட்சை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு என்னிடம் பெயர் இருந்திருக்காது.

நான் பொய் சொல்லிப் பழகியவன் அல்லன். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அவளுடைய தொழிலை இட்டேன். அவளுடைய ஊரை இட்டேன். முதல் தேர்வை முடித்தவர்கள் அடுத்து எழுதக்கூடியவற்றில் தகவல் அமைப்புகளின் தணிக்கை என்பது இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்து, இது உனக்கு ஏற்றதாகத் தெரிகிறது, எழுதுவது நன்று என்று ஒரு வரி சேர்த்து மனைவியின் கைபேசியிலிருந்து அனுப்பச் செய்தேன். மகள் மறுபேச்சின்றிப் பதிவு செய்தாள். சில மாதங்கள் படித்து எழுதித் தேறினாள். நான் சொன்னது சற்றுத் தாமதமாக உண்மையாயிற்று. இதைத் தவறென்று நான் இன்றும் ஒப்புக்கொள்ளவில்லை. அவளுக்கு அதனால் பதவி உயர்வு கிடைத்தது.

அதன்பிறகு தாமதத்துக்கு இடம் வைக்கவில்லை. சித்திரையிலேயே பக்கத்தைத் திறந்துவிடுவேன். ஆடியில் எழுதக்கூடியதாகப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிடுவேன். அவள் வரமாட்டாள் என்பதை நானே முன்கூட்டி எடுத்துக்கொண்டு, மழைக்கு முன்பே குடையை விரித்து உட்கார்ந்திருந்தேன் என்று சொல்லலாம். ஒருமுறை இடர் மேலாண்மை. ஒருமுறை மோசடி ஆய்வு. அந்தப் பெயரைக் கோயிலில் சொன்னபோது மட்டும் அண்ணன் விடவில்லை.

"மோசடிக்குப் பரீட்சையா? நம்ம ஊர்ல வெச்சாங்கன்னா படிக்காமியே பாதிப் பேரு பாஸாயிடுவானுங்க, தம்பி."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மோசடியைக் கண்டுபிடிப்பதற்கான தேர்வு அது என்று நான் விளக்கியது அந்தச் சிரிப்பில் எடுபடவில்லை. என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. ஊற்றிய பானையைக் கவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி வேப்பமரத்தடியில் நின்றிருந்தாள்.

இடையில் ஒருமுறை மகள் வந்தாள். மருமகனின் தம்பிக்கு அவர்கள் ஊரான வில்லியனூரில் கல்யாணம். அது மார்கழி போய்த் தை பிறந்த சமயம். குளிர்கால விடுமுறையைச் சேர்த்து வாங்கிக்கொண்டு வந்தவர்கள் அங்கேதான் தங்கினார்கள். எங்கள் வீட்டில் ஓர் இரவு. காலையில் எழுந்து பல் துலக்கிவிட்டு அவள் தோட்டத்துப் பக்கம் நின்றதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். குளிருக்குப் போர்த்தியிருந்த சால்வை என்னுடையது. கேட்காமலே எடுத்துக்கொண்டிருந்தாள். தேர்வுகள் எப்படிப் போகின்றன என்று அன்று விசாரித்தேன். நன்றாகப் போகின்றன என்றாள். அடுத்து என்ன என்று அவளும் கேட்டாள், நானும் சொன்னேன். வேறு எதையும் பேசியதாக நினைவில்லை. கார் கிளம்பிய பிறகு அந்தச் சால்வையை மடித்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. நாற்காலி முதுகிலேயே கிடந்தது. மனைவியும் அதை எடுக்கவில்லை.

சென்ற ஆனி மாதத்தில் ஒரு நாள் காலை. மனைவி முற்றத்தில் கேழ்வரகைப் புடைத்துக்கொண்டிருந்தாள். கைபேசி ஒலித்தது. முறத்தைக் கீழே வைக்க முடியாமல், எடுங்க, எடுத்துப் பிடிங்க என்றாள். எடுத்துப் பிடித்தேன். மகளின் முகம் வந்தது. தாயின் முகத்தை எதிர்பார்த்தவள் ஒரு கணம் தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். நானும் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டேன்.

சித்திரையில் அனுப்பியிருந்த தேர்வுக்குப் பதிவு செய்துவிட்டதாகச் சொன்னாள். நல்லது என்றேன். தேர்வு நாள் செடலுக்கு முந்திய வாரம் வருகிறது என்றாள். அப்படியா என்றேன்.  முறத்தில் கேழ்வரகு விழும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது. அவளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.

"அப்பா, ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனச்சுக்காதீங்க. நான் செடலுக்கு வந்துடக் கூடாதுன்னுதான் வருஷா வருஷம் ஆடியில ஒரு பரீட்சை அனுப்பறீங்களா?"

கைபேசியை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

"நான் வந்து நிக்கறதவிட நான் பாஸ் பண்றதுதான் உங்களுக்குப் பெருமைன்னு நெனச்சேன். அதான் எழுதிக்கினே இருக்கேன்."

கோபமில்லாமல்தான் சொன்னாள். நெடுநாளாகத் தெரிந்த ஒன்றைச் சரிபார்ப்பவளைப் போலக் கேட்டாள். தணிக்கை செய்பவர்களின் குரல் அது, எனக்குப் பழக்கமானது. அம்மாவிடம் கொடுக்கிறேன் என்று கைபேசியை மனைவியின் பக்கம் திருப்பினேன். அவள் முறத்தை மடியில் சாய்த்துக்கொண்டு பேசினாள். பேசி முடித்துவிட்டு, இன்னா கேட்டா என்று என்னிடம் விசாரித்தாள். லைன் சரியில்லை, விளங்கவில்லை என்றேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் புடைக்கத் தொடங்கினாள். உமி என் பக்கமாகப் பறந்தது.

அன்று முழுவதும் நான் எண்ணிப் பார்த்தேன். அந்த நாட்டில் கோடைக்காலமாம் நம் ஆடி. அலுவலகங்களில் நீண்ட விடுப்புத் தரும் காலம் அது ஒன்றுதான் என்பதை அவள் தாயிடம் சொல்லி நானும் கேட்டிருக்கிறேன். அந்த விடுப்பைத்தான் ஆண்டுதோறும் நான் படிப்புக்கும் தேர்வுக்கும் எழுதி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன். அவள் வராததால் நான் தேர்வைத் தேடினேன். நான் தேர்வை அனுப்பியதால் அவள் வராமல் இருந்தாள். இருவரும் அடுத்தவரின் விருப்பத்தை மதித்துக்கொண்டிருந்தோம்.

அப்போதும் எனக்குத் தோன்றியது இன்னொரு தேடல்தான். மறுநாள் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஊருக்கான கட்டத்தில் வழக்கம்போல் அவளுடைய ஊர் நின்றிருந்தது. இத்தனை ஆண்டுகளில் அதை நான் மாற்றியதில்லை. மாற்ற வேண்டும் என்று தோன்றியதில்லை. இப்போது அதை அழித்தேன். வேறு ஊரை இடுவதற்குள் கைபேசி தானாகவே நான் இருக்கும் இடத்தை எடுத்துக்கொண்டது. அவள் பதிவு செய்திருந்த அதே தேர்வு வந்து நின்றது. மையம்: கடலூர் சாலை, தவளக்குப்பம்.

என் மனம் அன்று போட்ட கணக்கை மறைக்க வேண்டியதில்லை. தேர்வை இங்கே எழுதுவதென்றால் அவள் இங்கே வந்தாக வேண்டும். யாரும் யாரையும் வா என்று அழைக்கத் தேவையில்லை. தேர்வெழுத வந்திருக்கிறாள் என்று ஊரில் சொல்லலாம். அதில் ஒரு மதிப்பும் இருக்கும். மையம் எப்படிப்பட்டது என்று தெரியாமல் பெண்ணுக்கு எழுதக் கூடாது என்று வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பாகூர் போய்ப் பேருந்து பிடித்தேன்.

தவளக்குப்பம் சந்திப்பில் இறங்கி விசாரித்துப் போனேன். கீழே ஒரு பேக்கரி, பக்கத்தில் படி, மேல் மாடியில் கண்ணாடிக் கதவு. கதவுக்கு வெளியே செருப்புகள். உள்ளே தடுப்புகளுக்கு நடுவில் கணினிகளும் குனிந்த முதுகுகளும் தெரிந்தன. பேக்கரியிலிருந்து பப்ஸ் வேகும் வாசனை மாடி வரை வந்தது. இந்த வாசனையில் எப்படி எழுதுவாள் என்று நினைத்தேன். பிறகு, எழுதி முடித்து இறங்கி வருபவளுக்கு ஒன்று வாங்கிக் கொடுக்கலாம் என்றும் நினைத்தேன். அவளுக்கு முட்டை பப்ஸ் பிடிக்கும். பள்ளிக்கூடக் காலத்தில் பிடித்தது. இப்போது பிடிக்குமா என்று தெரியாது.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவலாளி, நடுவயதுக்காரர், எழுந்து வந்தார்.

"யாருக்கு சார் எக்ஸாம்? உங்களுக்கா?"

மகளுக்கு என்றேன். கூட்டி வரவில்லையா என்றார். கனடாவில் இருக்கிறாள் என்றேன். அங்கே மையம் இல்லையா என்று கேட்டார். இருக்கிறது என்றேன்.

அவர் என்னை நன்றாகப் பார்த்தார். ஏளனம் இல்லை, கணக்கு நேராகாதவர் பார்க்கும் பார்வை.

"அங்கியே சென்டர் கீதுன்னா இங்க இன்னாத்துக்கு சார் வரணும்?"

அலுவலகத்தில் என்னைக் கேள்வி கேட்டு மடக்கியவர் எவருமில்லை. அந்தப் படியில் இவர் மடக்கிவிட்டார். விடை இருந்தது. நான் அவளைப் பார்க்க வேண்டும். எழுதி முடித்து இறங்கும்போது கீழே நிற்க வேண்டும். ஆனால் அது ஒரு காவலாளியிடம் சொல்லக்கூடிய விடை அன்று. அதைச் சொல்ல வேண்டிய ஆள் வேறு என்பதும், அந்த ஆளிடம் அதை ஒருமுறைகூட நான் சொன்னதில்லை என்பதும் அப்போது மிகத் தெளிவாக இருந்தது. விவரம் கேட்டுப் போகத்தான் வந்தேன் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன். பேருந்து பாகூர் ஏரிக்கரையைத் தாண்டும்போது மடியில் கைபேசி இருந்தது. பக்கம் இன்னும் திறந்தே இருந்தது. மூடினேன்.

அலுவலகக் குறிப்பு எழுதுவதைப்போல, மகளிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மனத்துக்குள் எழுதித் திருத்தினேன். முதலில் அது நீளமாக இருந்தது, காரணங்கள் இருந்தன, அம்மாவின் முழங்கால் இருந்தது. ஒவ்வொன்றாக நீக்கினேன். அடுத்த முறை மணி அடித்தபோது மனைவி எடுப்பதற்கு முன் நான் கையை நீட்டினேன். அவள் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போவதைப்போலப் போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

"பரீட்சை ஒண்ணும் வேணாம்மா. செடலுக்கு வா."

 படம் உறைந்துவிட்டதோ என்று பார்த்தேன். உறையவில்லை, அவள் கண்ணிமைத்தாள்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேப்பா" என்றாள்.

பிறகு, இந்த ஆடிக்கு இயலாது என்பதை விளக்கினாள். விடுப்பைத் தேர்வுக்கென்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. படிப்பதற்கென்று தந்ததை ஊருக்குப் போவதற்கென்று மாற்றித் தரமாட்டார்கள். அவளோடு வேலை செய்பவர்கள் மற்ற வாரங்களைப் பிரித்து எடுத்துக்கொண்டுவிட்டார்கள். விதிமுறைகள் எனக்கு விளங்கும். நானும் பலருக்கு விடுப்பு மறுத்தவன்தான். அடுத்த ஆடிக்குக் கேட்கிறேன் என்றாள். கேள் என்றேன்.  அழைப்பு முடிந்ததும் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து வந்து கைபேசியை வாங்கிக்கொண்டு, இத்த சொல்றதுக்கு இத்தினி வருஷமா என்று மட்டும் கேட்டாள். பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை.

செடல் அன்று காலை மனைவி பானையைத் தூக்கினாள். நான் அவளோடு நடந்தேன். எங்கள் தெருவில் ஆண்கள் பின்னால் வருவதுதான் வழக்கம். முழங்கால் மடங்கினால் பிடிக்க ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு பக்கத்திலேயே நடந்தேன். வாசல்களில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கோயில் வாசலில் பம்பை ஒலித்துக்கொண்டிருந்தது. அண்டாவுக்கருகில் அண்ணன் நின்றிருந்தார். பக்கத்தில் சோரியாங்குப்பத்திலிருந்து வந்த அவர் மகள், காலிப் பானையோடு. மனைவி கூழை ஊற்றினாள்.

"இன்னா தம்பி, பொண்ணு வரலியா? இந்த வருஷம் இன்னா பரீட்சை?"

சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். போன வருஷத்து மோசடிச் சிரிப்பை எதிர்பார்த்துச் சிலர் திரும்பினார்கள். பெயர் என்னிடம் இருந்தது. கனடாவில் முந்திய வாரம்தான் அவள் எழுதி முடித்திருந்தாள். முழுப் பெயரையும் நடத்தும் அமைப்பையும் சொல்லி நிமிர்ந்து நின்றிருக்கலாம். அதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இருந்திருக்காது.

"வரலண்ணே. வரச் சொல்லியிருக்கேன்" என்றேன்.

எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு உள்ள எடையை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். பெண்ணைப் பெற்றவன், செடலுக்கு வா என்று கேட்பதில்லை. அது அவளுடைய பாத்தியதை, அவளாக வருவாள். வா என்று கேட்டுவிட்டதாக ஒருவன் சபையில் சொன்னால், கேட்டும் வரவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னவனாகிறான். அதற்குப் பிறகு அவனுக்குக் குடை கிடையாது.

அண்ணன் சிரிக்கவில்லை. அண்டாவைத் துழாவிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்தினார். என் பக்கம் சாய்ந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினார்.

"இப்பத்தான் சொன்னியா?"

ஆம் என்றேன். அவர் முதல் கரண்டிக் கூழை எடுத்து என் மனைவியின் சொம்பில் வார்த்தார். எப்போதும் அது கோயில் காரியம் நடத்தும் வீட்டாருக்குப் போவது.  வீட்டுக்கு வந்து கருவாட்டுக் குழம்போடு குடித்தோம்.

இப்போது பங்குனி நடக்கிறது. ஆற்றில் மணல் தெரிகிறது. கரும்பு வெட்டு முடிந்த வயல்களில் உலர்ந்த இலைச் சோகை எரிந்த கருப்பு இருக்கிறது. சித்திரை வரப்போகிறது; இந்த முறை பக்கத்தைத் திறக்கப்போவதில்லை. அது தானாகவே எப்போதாவது ஒரு செய்தி அனுப்புகிறது: உங்கள் மகளின் துறையில் புதிய தேர்வொன்று வந்திருக்கிறது என்று. மகளின் என்று அது சொல்வதில்லை. உங்கள் துறை என்றே சொல்கிறது. படித்துவிட்டு அழித்துவிடுகிறேன்.

மகள் இப்போது சில நாட்களில் என் கைபேசிக்கே பேசுகிறாள். பேச்சு அதிகமில்லை. அங்கே பனி பெய்கிறதா என்று கேட்பேன். இங்கே மின்சாரம் போகிறதா என்று கேட்பாள். ஆடிக்கு விடுப்புக் கேட்டு எழுதிக் கொடுத்திருப்பதாக மாசியில் சொன்னாள். பதில் வரவில்லையாம். நானும் அதைப்பற்றித் துருவுவதில்லை. ஆனால் அவள் முகம் திரையில் வந்த கணத்திலிருந்து அது போகும்வரை வேறெதற்காகவும் நான் காத்திருப்பதில்லை.

சால்வை இன்னும் நாற்காலியில்தான் இருக்கிறது. மனைவி பாகூர் சந்தையிலிருந்து புதுப் பானை ஒன்று வாங்கி வந்தாள்; பழையதைவிடப் பெரியது. முழங்கால் வலிக்காரி இதை எப்படித் தூக்குவாய் என்று கேட்டேன். நான் ஏன் தூக்கறேன் என்றாள்.

அண்ணன் காலையில் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்துகிறார். முன்பெல்லாம் நிறுத்தமாட்டார். பேப்பர் படித்துக்கொண்டிருக்கும் என்னைப் பார்த்து ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு கேட்பார்.

"லீவு குடுத்துட்டாங்களா தம்பி?"

சென்ற செடல்வரை அவரிடம் இல்லை என்ற சொல்லை என் ஆயுளில் சொன்னவன் அல்லன் நான்.

"இன்னும் இல்லண்ணே" என்கிறேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு மிதிக்கிறார். மறுநாளும் நிறுத்துகிறார்.